வயிற்றுப் பக்கத் தோல்

வீட்டு வாசலில் துருப்பிடித்த ஃபியட் கார் நிற்கிறது. ஆல்வின் எத்தனையோ முறை கெஞ்சியும் அப்பா தராத அதன் சாவி, தங்கை பெனிட்டாவின் இடுப்பில் ஆடுகிறது. தன் முதல் சம்பளத்தில் மேல்விஷாரத்திலிருந்து வாங்கி வந்த சிவப்புத் தோலை விரித்து, கார் சீட் உறைக்கான அளவு அட்டையை அதன்மேல் வைத்துச் சாக்பீஸால் கோடு இழுக்கிறாள். அட்டை கிடப்பது தோலின் வயிற்றுப் பக்கத்தில். அங்கே வெட்டினால், உட்கார உட்காரத் தோல் இழுபட்டுத் தொங்கிவிடும். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் ஆல்வினுக்கு அது தெரியும். அப்பா டீயை முதலில் அவளிடம் நீட்டுகிறார். “இங்க வெட்டலாமாண்ணா? நீ சொன்னாதான் வெட்டுவேன்,” என்கிறாள், நெற்றியில் கிரீஸோடு. சாய்ந்த வெயிலில் தோல் மினுங்குகிறது. “சூப்பரா கீது, வெட்டு,” என்கிறான் ஆல்வின். தன் கத்தியை எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டுகிறான்.