படத்துக்கு அப்பன்

"இதைப் பண்ணது யாரு?"

மேலாளர் தன் போனை மேசைமேல் வைத்து அவன் பக்கம் திருப்பினார்.

திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. தலைகீழாக வைத்தாலும் அந்தப் படத்தை அவனுக்குத் தெரியும். பெற்றவன் அவன்தான்.

இதே அறை. இதே மேசை. ஃபைலுக்குள் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கும் மேலாளர். அவர் உச்சந்தலைக்கு நேர் மேலே, ஏணியில் நின்று ஏசியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும் மெக்கானிக்கின் இரண்டு கால்கள். கீழே கொட்டை எழுத்தில்: 'தலைக்கு மேலே வேலை.'

ஏசி, ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கிற கம்பெனி அது. எந்த வேலை நடந்தாலும் அதைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பது விதி. சொந்த ஆபீஸ் ஏசியாக இருந்தாலும் விதி விதிதான். பிடிக்கப் போனவன், புதிதாகச் சேர்ந்த இவன். ஆபீசில் இவன் பெயரே 'புதுசு'.

பிடித்தவன் பிடித்ததோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? அந்த மூன்று வார்த்தையை ஒட்டி, அக்காவுக்கு மட்டும் அனுப்பினான். 'யாருக்கும் அனுப்பாதே' என்றும் எழுதினான்.

அக்கா பேச்சைத் தட்டாதவள். ஒரே ஒரு சிநேகிதிக்கு மட்டும், அதே 'யாருக்கும் அனுப்பாதே'யோடு அனுப்பினாள். அதற்குப் பிறகு படமும் அந்த வரியும் ஜோடியாக ஊர் சுற்றின.

ஒரு குரூப்பில் படத்தைச் சுற்றி ரோஜா முளைத்து, 'இனிய காலை வணக்கம்' ஆனது. இன்னொன்றில் மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம். யாரோ ஒரு புண்ணியவான் மேலாளருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தான். கடைசியில் புதுசின் அம்மாவே அவனுக்கு அனுப்பி, 'பாவம், யாரு பெத்த பிள்ளையோ, எப்படி உழைக்குது பாரு' என்று எழுதியிருந்தாள்.

ஆபீசுக்கும் வந்து சேர்ந்தது. வந்ததும் உரிமை கொண்டாட அடிதடி. கணக்கர், "ஐடியா என்னுது" என்றார். மெக்கானிக், "காலு என்னுதுப்பா" என்றார், அது நியாயம். ஸ்டோர் கீப்பர் ஒருபடி மேலே போய், "பண்ணதே நான்தான்யா" என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்று காலை, மேலாளர் விசாரிக்கிறார் என்று தெரிந்ததும் படம் அநாதையாகிவிட்டது.

புதுசை வேலையில் வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேலாளர் முடிவு சொல்ல வேண்டிய நாள் இன்றுதான். அம்மாவோ பொறுக்காமல் தெரு முழுக்க 'பர்மனென்ட் ஆயிட்டான்' என்று சொல்லி முடித்திருந்தாள்.

மேலாளர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அடையாள அட்டையில் ஒட்டியிருக்கும் போட்டோவில்கூட யாரையோ கண்டித்துக்கொண்டுதான் இருப்பார்.

"ஸ்டோர் கீப்பர்னு சொல்றாங்க. நிஜமா?"

தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். தப்பித்துவிடலாம்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் கீப்பர் முகம் வெளிறி, கும்பிடாத குறையாக நின்றிருந்தார். ஒரு மனுஷன் பிழைப்பில் மண் விழப்போகிறதே என்று ஒரு உறுத்தல். ஒரு ஸ்டிக்கரைக்கூடக் கோணாமல் ஒட்டத் தெரியாத மனுஷன் பெயரிலா இது நிற்கப் போகிறது என்று இன்னொரு உறுத்தல். இரண்டில் எது வாயைத் திறந்தது என்று அவனுக்கே தெரியாது.

"சார்... நான்தான் சார்."

மேலாளர் எழுந்தார். கதவைத் தாழிட்டார். கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டார்.

செய்வதைச் சாட்சி இல்லாமல் செய்யப்போகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"உட்காருப்பா."

அவர் எதிரே இருந்த நாற்காலியில் அவன் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஒரு சகலை இருக்கான். அவன் வாயைத் திறந்தா வீடே சிரிக்கும். என் பொண்டாட்டி இருக்காளே, அவளுந்தான். நான் வாயைத் திறந்தா, 'மாத்திரை போட்டீங்களா'ம்பா." குரலை இறக்கினார். "இந்தப் படத்தைக் குடும்பக் குரூப்புல போட்டேன். நானே பண்ணதுன்னு சொல்லிட்டேன்."

புதுசு நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

"அவ சிரிச்சாப்பா. அடுப்பை அணைச்சிட்டு வந்து, என் பக்கத்துல உக்காந்து சிரிச்சா."

சொல்லும்போது மீசை ஒரு பக்கமாக நடுங்கியது. அது சிரிப்பு என்று புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேசைமேல் போன் அதிர்ந்தது. சகலைதான். 'என்ன சகல, ஒண்ணோட சரக்கு காலியா?'

"நேத்துலேருந்து இப்படியே குத்திக்கிட்டு இருக்கான்," என்றார் மேலாளர். "அவளும் அடுத்தது எங்கன்னு கேக்குறா."

"சார், என் வேலை..."

"அதுல காலையிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. அதை விடு." சட்டைக் காலரைச் சரிசெய்தார். தலைமுடியைப் படியத் தடவிக்கொண்டார். "அடுத்ததுக்கு நான் எங்க உக்காரணும்? அதைச் சொல்லு."

அவன் வெளியே வந்தபோது மொத்த ஆபீசும் வாசலில் நின்றது.

"என்னடா, கண்டுபிடிச்சிட்டாரா? யாரு பண்ணதுன்னாரு?" ஸ்டோர் கீப்பருக்குப் பாதிக் குரல்தான் வந்தது.

புதுசு ஒரு கணம் திரை போட்ட கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான்.

"சார்தான்," என்றான்.