அசனப் பந்தியில் ரெண்டு வாய்

“ஏட்டி வேதமணி, இலையில என்ன கோலமா போடுத? சாப்பிடு!”

ரிட்டையர்டு ஏட்டு அருளப்பன் போட்ட அதட்டலில் பந்தியே திரும்பிப் பார்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் வருஷம் ஒருநாள் அசன விருந்து. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வாளி வாளியாகப் போய்க்கொண்டிருந்தன. ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்ததே இவள் நாலு வாய் நன்றாகச் சாப்பிடட்டும் என்றுதான். இவளோ ரெண்டு வாயோடு இலையை மூடப் பார்க்கிறாள்.

வேதமணியின் தம்பி மனைவி ஜூடி வாளியோடு வந்தாள். “மதினி, இன்னும் ஒரு கரண்டி?”

“போதும் ஜூடி. எறங்கல.”

“விடுங்கண்ணே. அம்புட்டுப் பெரிய ஆப்பரேசன் நடந்த வீடு. மெல்லத்தான் தேறும்.”

மதுரையில் வயிற்றையே எடுத்து ஏழு மாதமாகிறது. ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு கைப்பிடி, நன்றாக மென்று விழுங்கணும், இனிப்பு கூடாது. டாக்டர் தந்த சீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அருளப்பன் போனில் ஆறு அலாரம்.

“எங்க தேறுதும்மா? போன மாசம் செக்கப்புல மெசின்ல ஏத்திப் பாத்தா எட்டு கிலோ கொறஞ்சிருக்கா. கால் கிலோ பால்கோவாவ பஸ் ஊரு போய்ச் சேரதுக்குள்ள காலி பண்ணுதவ இவ. இப்ப வாங்கித் தாரேன்னா, வீட்டுக்கு இனிப்பே வேண்டாங்கா!”

“சத்தம் போடாதிய. எல்லாரும் பாக்காவ.”

“பாக்கட்டும்!”

இப்படியே கரைந்துபோய்விடுவாளோ என்று அவருக்குப் பயம். பயம் வந்தால் அவர் வாயில் கோபம்தான் வரும். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அலாரம் அடித்தது. அருளப்பன் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். அரை இட்லி.

அதில் ஒரு விள்ளலைப் பிய்த்துத் தன் வாயில் போட்டு மென்றுகொண்டே கத்தினார். “வயித்த எடுத்தது எனக்குடி! நானே வேளை தவறாம திங்கேன். வயிறு முழுசா இருக்க ஒனக்கு என்ன கேடு?”

வேதமணி இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வேளைக்கு வேளை அரை இட்லிய நீங்க அரை மணி நேரமா மெல்லுததப் பாத்துக்கிட்டே, எனக்கு மட்டும் எப்படி எறங்கும்?”