மூன்றாவது வேப்பமரம்

கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கும் நாய்களுக்கென்று ஒரு ராணுவப் பள்ளி இருந்தது. பன்னிரண்டு வாரப் பயிற்சி. சடையன் என்கிற நாய்தான் வாத்தியார். வெள்ளிக்கிழமைதோறும் பரீட்சை. வெடிமருந்து டப்பாவை சடையன் எப்போதும் மூன்றாவது வேப்பமரத்தடியில்தான் புதைக்கும். மாணவ நாய்கள் நேராக அங்கே ஓடிப்போய் உட்காரும். எல்லாருக்கும் முழு மதிப்பெண்.

கடைசி வாரம் செம்பி என்கிற நாய் தயங்கித் தயங்கி வந்து நின்றது.

“சார், எனக்கு இன்னும் அந்த வாசனை பிடிபடவே இல்லை. மரம்தான் தெரியுது. அடுத்த பேட்ச்கூட இருந்து கத்துக்கிறேனே.”

“எட்டு வருஷமா என்கிட்ட ஒருத்தர்கூட ஃபெயில் ஆனதில்லை,” என்றது சடையன். “உன்னால அந்தப் பேர் கெடணுமா? எல்லைக்குப் போனா தன்னால வந்துடும்.”

செம்பியின் கழுத்தில் பதக்கம் ஏறியது. சடையனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அடுத்த மாதம் எல்லையில் செம்பியை அவிழ்த்துவிட்டார்கள். அது தலையைத் தூக்கிப் பார்த்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெறும் மணல். ஒரு மரம்கூட இல்லை.

அது கால் வைக்கிற இடத்தில் கால் வைப்பதற்காக, பதினோரு சிப்பாய்கள் பின்னால் காத்து நின்றார்கள்.