தொட்டது தெரியவில்லை

டாக்டர் விளக்கை அணைத்ததும், திரையில் அக்காவின் மூக்குக்குள் ஈரமான இளஞ்சிவப்புக் குகை ஒன்று திறக்கிறது. மூக்கில் விட்ட கேமராக் குழாயின் நுனி வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் உரித்த திராட்சைகள் போலச் சதை உருண்டைகள் மினுங்குகின்றன. ஆறு மாதமாக வாசனை தெரியாமல், புற்றுநோய்தான் என்று தானே தீர்ப்பெழுதிக்கொண்டவள் கண்களை இறுக மூடியிருக்கிறாள். டாக்டர் மெல்லிய கம்பியால் ஓர் உருண்டையைத் தொடுகிறார். அது அசைகிறது. "ஐயோ!" என்கிறார் பக்கத்தில் நிற்கும் அத்தான். "வலி அவங்களுக்கா, உங்களுக்கா?" என்கிறார் டாக்டர். "இன்னும் தொடலையா?" என்று கேட்கிறாள் அக்கா. டாக்டர் சிரிக்கிறார். "தொட்டாச்சும்மா. உணர்ச்சியே இல்லாத சாதாரண சதை வளர்ச்சி. புற்று இல்ல. மருந்துல சுருங்கும், இல்லேன்னா எடுத்துடலாம்." அக்கா கண்களைத் திறந்து திரையைப் பார்க்கிறாள். அவள் மூச்சுக்கு ஏற்ப உள்ளே எல்லாம் மினுங்கி அசைகின்றன. "குழாய எடுத்துடாதீங்க டாக்டர்," என்கிறாள் மெதுவாக. "இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."