இறங்காதவர்

வேட்புமனுக் கோப்பினை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

படகின் கயிறு இன்னும் அவிழவில்லை.

மணி ஒன்பதே கால். பிரதேச சபைத் தேர்தலுக்கான வேட்புமனுவைப் பன்னிரண்டு மணிவரைதான் அக்கரையில், மாவட்டச் செயலகக் கச்சேரியில் வாங்குவார்கள். சுயேச்சைக் குழுவின் தலைவி அவள்; வென்றால் சபைத் தவிசாளர். நேரில் கொடுக்க வேண்டும். கடைசிக் கையெழுத்து இன்று விடியத்தான் கிடைத்தது.

அடுத்த படகு ஒரு மணிக்கு.

“தவிசாளர் அம்மாவுக்கு வெயில் படுது. தள்ளி இருங்கோவன்,” என்றாள் மீன்கூடையோடு இருந்தவள்.

“வெண்டாப் பிறகும் உந்த வாங்கிலதான் இருப்பாவோ? பாப்பம்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

படகே சிரித்தது. அவளும் சிரித்தாள். கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது துறைமுனையில் ஒரு நாற்காலி தெரிந்தது.

நான்கு பேர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நாற்காலியில் ஜெசிந்தா. எட்டு மாதம். சட்டை கீழே சிவந்து நனைந்திருந்தது.

சனம் எழுந்து ஒவ்வொருவராக இறங்கியது.

நோயாளி வந்தால் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். தீவின் வழக்கம் அது. பாரம் குறைந்தால்தான் படகு ஆழமில்லாத பரவைக் கடலில் குறுக்கே போகலாம். இல்லாவிட்டால் சுற்றிப் போக வேண்டும். முக்கால் மணி நேரம் கூட.

அவள் எழவில்லை.

பதினொரு வருடங்களுக்கு முன் இதே வாங்குப் பலகையில் அவளுடைய அம்மா கிடந்தாள். அன்றும் எல்லோரும் இறங்கினார்கள், ஒருவரைத் தவிர. செபமாலை. மறுநாள் கொழும்பில் அவருக்கு விசா நேர்முகம். ஒரு ஆள்தானே என்று படகோட்டி குறுக்கே விட்டான். நடுவில் அடி தட்டியது. தள்ளி எடுக்க நாற்பது நிமிடம்.

அம்மா அக்கரையைப் பார்க்கவில்லை.

ஒரு ஆளின் பாரமா, அன்றைய நீர்வற்றா? யாரும் தீர்த்துச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இத்தனை வருடமும் ஒரு வார்த்தை பேசாமல் அவரைக் கடந்து போனாள். தேர்தல் பிரசுரத்தில் முதல் வரியாக, நோயாளருக்குத் தனிப் படகு என்று எழுதினாள்.

இன்று போனால்தான் அந்தப் படகு வரும்.

ஒரு ஆள்தானே.

ஜெசிந்தாவை வாங்கில் கிடத்தினார்கள். புருஷன் அவள் காலடியில் குந்தினான். ஓட்டி இவளைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான்.

இறங்கி நின்றவர்களில் செபமாலையும் இருந்தார். விசா கிடைக்காமல் திரும்பி வந்தவர். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“நீ இரு பிள்ளை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். எனக்கும் சொல்லேல்லை. இண்டைவரைக்கும்.”

நரைத்த தாடி. கீழே பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள். அவள் அந்த முகத்தை ஒருநாளும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

எந்திரம் உறுமியது. அந்த அதிர்வில் ஜெசிந்தாவின் தலை பலகையில் முட்டிக்கொண்டேயிருந்தது.

அவள் எழுந்தாள். மனுக் கோப்பினை அந்தத் தலைக்குக் கீழே வைத்தாள்.

துறையில் கால் வைத்தாள்.

படகு ஒரு விரல் உயர்ந்தது.

குறுக்கே, பரவைக் கடலின் மேல் அது சிறுத்துக்கொண்டு போயிற்று. எந்திரச் சத்தம் நிற்கிறதா என்று எல்லோரும் காது கொடுத்தார்கள்.

நிற்கவில்லை.

மீன்கூடைக்காரி கூடையை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டாள். அவள் இருக்கவில்லை. துறையின் நீளத்துக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

செபமாலை வழக்கம்போல் ஓரமாகத் தள்ளி நின்றார்.

அவள் அவரருகே வந்து நின்றாள்.

“ஒரு மணிப் படகு நேரத்துக்கு வருமோ, அண்ணை?”

அவர் முதலில் தமக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.