கட்டிலிலிருந்து தெரியும் இடம்

சாப்பாட்டு மேசையில் விரித்த மனை வரைபடத்தின் மேல் மதிய வெயில் சாய்ந்து கிடக்கிறது. புதிதாகக் கட்டப்போகும் தச்சுக் கொட்டகையின் அளவுக்கு வெட்டிய அட்டைத் துண்டை, வரைபடம் போடும் பெண் நான்காவது முறையாக நகர்த்துகிறாள். அவளுக்குக் கண்கள் எரிகின்றன. "மதில்ல இருந்து மூணடி, வீட்டுல இருந்து ஆறடி விடணும் ஐயா. சமையலறைக்குப் பின்னாடி மட்டும்தான் சரியா உட்காருது." வீட்டுக்காரரான தச்சர் தலையசைத்து மறுக்கிறார். "அங்க போனா அவளுக்கு நான் தெரிய மாட்டேம்மா. பேச்சு வராது, கூப்பிடணும்னா கையைத்தான் தூக்குவா." பக்கத்து அறையில் அவர் மனைவி படுத்திருக்கிறாள், கதவிடுக்கில் கட்டிலின் சக்கரம் மட்டும் தெரிகிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது. பெண் அளவுகோலை வரைபடத்தில் அந்த அறையின் ஜன்னலுக்கு நேராக வைத்துப் பார்க்கிறாள். "ஜன்னலுக்கு எதிர்லன்னா கொட்டகை பாதியாயிடும். மரம் இழைக்கிற மேசை போட முடியாது." நாற்பது வருடம் இழைப்பு மேசையருகே நின்றவர், காய்த்துப்போன கட்டைவிரலால் வரைபடத்தின் ஜன்னல் கோட்டைத் தடவுகிறார். "ஒரு ஸ்டூல் போடலாமா?" "ஸ்டூல் போடலாம்." "அப்போ வெட்டும்மா." கத்தரிக்கோல் அட்டையைப் பாதியாக்குகிறது. சின்னத் துண்டை அவரே எடுத்து ஜன்னலுக்கு எதிரே வைத்து, காற்றில் பறந்துவிடாமல் விரலால் அழுத்திக்கொள்கிறார்.