அட்டைக் கிரீடம்

நாடகத்தில் சாமி, தன்னுடைய கோயிலுக்குள் போகவே சிறப்பு தரிசன டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் உருட்டுக்கட்டைகளோடு ஒரு கும்பல் மேடையை நெருங்கிவிட்டது. சாமி வேடத்தில் இருந்த தணிகாசலம் ஓடவில்லை. வந்தவர்கள் படியருகே நின்று செருப்பைக் கழற்றியதைப் பார்த்து, கும்பிடத்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டான். முதலில் ஏறியவன் அவன் தலையிலிருந்த அட்டைக் கிரீடத்தை இரண்டு கைகளாலும் எடுத்து, கண்ணில் ஒற்றி, நாற்காலியில் வைத்தான். கழுத்து மாலையைக் கழற்றி அதற்குச் சாத்தினான். "இப்ப இவன் வெறும் ஆளு. அடிங்கடா." அடித்து முடித்ததும் கிரீடத்துக்கு முன்னால் யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். கீழே இருந்த சனம் எழுந்து கைகூப்பியது. பின்வரிசையிலிருந்து தணிகாசலத்தின் மனைவி அஞ்சுகம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். படியில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அவள் அதில் கால் வைத்தபோது, சற்றுமுன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர்வரச் சிரித்தவர், அவள் பின்னாலேயே வந்து, கூப்பிய கையை இறக்காமலே சொன்னார்: "செருப்பக் கழட்டிட்டு ஏறும்மா. மேல சாமி இருக்கு."